அல்சூர் கேபிள்ல தமிழ் நியூஸ் வாசிச்ச அனுபவமும், அந்த கேசட்டுகளை இப்போ காப்பாத்துற வழியும்

பெங்களூர்ல இருக்குற தமிழ்க் குடும்பங்களுக்கு டிவியில ரெண்டு விதமான நியூஸ்தான் கிடைக்கும். தமிழ் சேனலைப் போட்டா தாம்பரத்துல மழை, திருச்சியில மறியல், கோயம்பேட்டுல தக்காளி விலை. கன்னட சேனலைப் போட்டா நம்ம ஊரு நியூஸ் வரும், ஆனா வீட்டுல இருக்குற பாட்டிக்கு பாதி புரியாது, அதுலயும் அல்சூர் மார்க்கெட் பக்கமோ மர்ஃபி டவுன் பக்கமோ நடக்குற சின்ன விஷயம் எதுவும் வராது. நம்ம பாஷையில நம்ம தெரு நியூஸ்னு ஒண்ணு வந்தது கேபிள்காரங்க நடத்துன லோக்கல் சேனல்ல மட்டும்தான். 90கள் கடைசியில ஆரம்பிச்சு கொஞ்ச வருஷம் அந்த மாதிரி ஒரு சேனல்ல நான் சாயங்கால செய்தி வாசிச்சேன். அந்த வேலையில கத்துக்கிட்டதையும், மிச்சம் இருக்குற கேசட்டுகளை எப்படி காப்பாத்துறதுன்னு இப்போ கத்துக்கிட்டு இருக்குறதையும் எழுதிடணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன்.

முதல்ல இது எப்படி இப்படி ஆச்சுன்னு சொல்லிடுறேன். தூர்தர்ஷன் டெல்லியில 1959 செப்டம்பர் 15ல சோதனை ஒளிபரப்பா ஆரம்பிச்சது, பம்பாய்க்கு 1972ல வந்துச்சு, மெட்ராஸுக்கு 1975 ஆகஸ்ட்ல, பெங்களூருக்கு 1981 நவம்பர்லதான். ஒவ்வொரு மாநில நிலையமும் அந்த மாநில பாஷையில நிகழ்ச்சி போடும், ராத்திரி ஆனா டெல்லிக்கு மாறிடும், 1982 ஆகஸ்ட் 15ல இருந்து தேசிய நிகழ்ச்சின்னு நாடு முழுக்க ஒரே ஒளிபரப்பு. மாநிலத்துக்கு ஒரு பாஷைன்னு வச்சுத்தான் மொத்த அமைப்பையும் கட்டுனாங்க. அதுல பெங்களூர் தமிழர், பம்பாய் தமிழர், டெல்லி தமிழர்னு யாருக்கும் இடம் இல்ல. எங்க வீட்டுல கன்னடப் பாட்டுக்கு சித்ரமஞ்சரியும் ஹிந்திப் பாட்டுக்கு சித்ரஹாரும் பார்த்துதான் வளர்ந்தோம், வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்கணும்னா லீவுல மெட்ராஸ் சித்தி வீட்டுக்குப் போயிருக்கணும். தமிழ்ல செய்தின்னா அது ரேடியோதான், காலையில டெல்லியில இருந்து வர்ற ஆகாசவாணி செய்தி. சரோஜ் நாராயணசுவாமி அம்மா வாசிக்கிற அந்த உச்சரிப்பைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு செய்தி வாசிக்கணும்ங்கிற ஆசையே வந்துச்சு.

அப்புறம் 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்னைக்கு சன் டிவி வந்துச்சு. மாடியில பெரிய டிஷ் வச்சு தெருவெல்லாம் கேபிள் இழுத்தாங்க, அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர், லிங்கராஜபுரம்னு தமிழ் ஜனம் இருக்குற ஏரியா எல்லாம் அந்த ஒரு சேனலுக்காகவே கனெக்ஷன் வாங்குச்சு. அடுத்த வருஷமே அதே குழுமம் கன்னடத்துல உதயா டிவி ஆரம்பிச்சது. சாட்டிலைட் மாநில எல்லையைத் தாண்டி பாஷையைக் கொண்டு வந்துச்சு, அது எவ்வளவு பெரிய சந்தோஷம்னு அப்போ பெங்களூர்ல இருந்தவங்களுக்குத்தான் தெரியும். ஆனா அது கொண்டு வந்தது மெட்ராஸை. நாம இருக்குற இடத்தை அதால கொண்டு வர முடியாது.

அந்த இடைவெளியில வந்ததுதான் லோக்கல் சேனல். அப்போ எல்லாம் அனலாக் கேபிள். கேபிள்காரர் வீட்டு மாடியில ஒரு கண்ட்ரோல் ரூம் இருக்கும், டிஷ்ல இருந்து வர்ற ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு ரிசீவர், அதை டிவியில ஒரு சேனலா மாத்தி அனுப்புற ஒரு மாடுலேட்டர், எல்லாம் சேர்ந்து ஒரே ஒயர்ல கீழ இறங்கும். இன்னொரு மாடுலேட்டர் வாங்கி அதுல ஒரு விசிஆரை, அதாவது வீடியோ கேசட் பிளேயரை, சொருகிட்டா புது சேனல் ரெடி. 1995ல வந்த கேபிள் டிவி சட்டப்படி அப்போ ஆபரேட்டர் தலைமை தபால் நிலையத்துல பதிவு பண்ணிக்கணும், தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் காட்டணும், நிகழ்ச்சி விதிமுறைகளை மீறக்கூடாது. மத்தபடி ஒரு தெருக்காரர் அவர் ஏரியாவுக்கு சேனல் நடத்தலாம். பெரும்பாலானவங்க அதுல படம்தான் போட்டாங்க. எங்க ஓனர் அண்ணன் சாயங்காலம் அரை மணி நேரம் நியூஸ் போடலாம்னு முடிவு பண்ணாரு, தமிழ்ல முதல்ல, கடைசி அஞ்சு நிமிஷம் கன்னடத்துல.

எங்க ஸ்டுடியோ கண்ட்ரோல் ரூமுக்குப் பக்கத்துல இருந்த ஒரு சின்ன ரூம்தான். பின்னாடி நீலக் கலர் திரை, முன்னாடி ஒரு மேசை, தோள்ல வச்சு எடுக்குற பானாசோனிக் விஎச்எஸ் கேமரா, கல்யாண வீடியோவுக்குப் பிடிக்கிற அதே ஹாலஜன் லைட். ஃபேன் போட்டா மைக்ல இரைச்சல் வரும், பேப்பரும் பறக்கும், அதனால ஃபேனை நிறுத்திட்டு வாசிக்கணும், லைட் சூட்டுல வேர்த்து ஊத்தும். தலைப்பு எல்லாம் சார்ட் பேப்பர்ல ஸ்கெட்ச் பேனாவால எழுதி அதையே கேமராவுல காட்டுவோம். செய்தி சேகரிக்கிறது யாருன்னா லைன்மேன் பசங்கதான். மாசக் காசு வசூல் பண்ண வீடு வீடா போறவங்க அவங்க, எந்தத் தெருவுல குழாய்ல தண்ணி வரல, யார் வீட்டுல இழவு, எந்த ஸ்கூல்ல வாத்தியார் இல்லன்னு அவங்களுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. எந்த ரிப்போர்ட்டருக்கும் கிடைக்காத அறிமுகம் அவங்களுக்கு இருந்துச்சு. இப்போ லோக்கல் நியூஸ் பண்ணணும்னு நினைக்கிறவங்க கேமரா என்ன வாங்கலாம்னுதான் முதல்ல கேக்குறாங்க. தினமும் அந்தத் தெருவுல நடந்து போற ஆள் உங்க டீம்ல யாருன்னு முதல்ல பாருங்க. பால் போடுறவர், கேஸ் சிலிண்டர் கொண்டு வர்றவர், அங்கன்வாடி டீச்சர், இவங்கள்ல ரெண்டு பேர் உங்களோட பேசுற நிலைமையில இருந்தா கேமரா போனே போதும்.

என்ன செய்தி வாசிச்சோம்னா, காவேரித் தண்ணி எந்தத் தெருவுக்கு எந்த நாள் எத்தனை மணிக்கு விடுவாங்க, மோட்டார் ரிப்பேர்னா எப்போ சரியாகும், கரண்ட் எப்போ நிக்கும், ரேஷன் கடையில மண்ணெண்ணெய் வந்துச்சா, காணாமப்போன பிள்ளை, எஸ்எஸ்எல்சி ரிசல்ட்டுல நம்ம ஏரியா பிள்ளைங்க மார்க், ஆடி மாசம் எந்த அம்மன் கோயில்ல எப்போ கூழ் ஊத்துறாங்க, சோமேஸ்வரர் கோயில் பல்லக்கு எந்தத் தெரு வழியா போகும், செப்டம்பர் 8 சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழாவுக்கு எந்த ரோடு அடைப்பு. ஜனங்க அதிகமா பார்த்தது இழவுச் செய்தியைத்தான். இறந்தவர் பேரு, வீடு எங்க, எத்தனை மணிக்கு எடுக்குறாங்க, கல்பள்ளி மயானமா வேற எங்கயான்னு சொல்லுவோம். இதை எங்கயுமே சின்ன விஷயமா நினைச்சிடாதீங்க. ஷிஃப்ட் முடிச்சு சாயங்காலம் வீட்டுக்கு வந்த ஒரு ஆளு தன்னோட பழைய கூட்டாளி செத்ததை எங்க செய்தியில பார்த்துட்டு வேலைச் சட்டையோடயே ஓடினதை நான் பார்த்திருக்கேன். மறுநாள் காலையில பேப்பர்ல வந்திருந்தா காரியமே முடிஞ்சிருக்கும்.

பேரு விஷயத்துல ஓனர் அண்ணன் ரொம்ப கறார். இனிஷியல் சரியா இருக்கணும், வீட்டுல எப்படி கூப்பிடுவாங்களோ அந்தப் பேரும் சேர்த்து சொல்லணும், ஏன்னா ரெஜிஸ்டர் பேரு சொன்னா தெருவுல யாருக்கும் தெரியாது. எழுதின தாளை வாசிக்கிறதுக்கு முன்னாடி அந்த வீட்டு ஆள் ஒருத்தர்கிட்ட போன்ல ஒரு தடவை வாசிச்சுக் காட்டிடணும். இந்தப் பழக்கம் எனக்கு இன்னைக்கும் இருக்கு, கல்யாணப் பத்திரிகை அடிச்சாக்கூட அப்படித்தான் செய்வேன்.

பதட்டமான நாட்கள் பத்தி தனியா சொல்லணும். 1991 டிசம்பர்ல காவேரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி நடந்த கலவரம் எங்க ஏரியா பெரியவங்க மனசுல அப்படியே இருந்துச்சு, நான் அப்போ ஸ்கூல் பொண்ணு, எங்க தெருவுல கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அந்த சமயத்துல என்ன நடக்குதுன்னு சொல்ல எங்களுக்கு நம்ம பாஷையில ஒரு குரலும் இல்ல, வதந்திதான் செய்தி. பக்கத்துத் தெருவுல அடிச்சாங்களாம், அந்த ஏரியாவுல எரிச்சாங்களாம்னு வாய்க்கு வாய் ஏறும், எது நிஜம்னு கண்டுபிடிக்க வழியே கிடையாது. அதனால 2000 ஜூலை 30 ராத்திரி கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திட்டான்னு சேதி வந்தப்போ, ஊரே அடைச்சுக் கிடந்த அந்த நாட்கள்ல, ஓனர் அண்ணன் நியூஸை நிறுத்திடலாமான்னு யோசிக்கவே இல்ல, எப்படி சொல்லணும்னு மட்டும்தான் உக்காந்து பேசுனாரு. அவர் வச்ச வழிமுறை ரொம்ப எளிமையானது. நம்ம ஆளு கண்ணால பார்த்திருக்கணும், இல்லன்னா ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கணும், மூணாவது வழி கிடையாது. ஒவ்வொரு தகவலுக்கும் முன்னாடி "சாயங்காலம் அஞ்சு மணி நிலவரப்படி"ன்னு நேரம் சொல்லணும். திறந்திருக்குற மெடிக்கல் ஷாப், ஓடுற பஸ், பால் எங்க கிடைக்குதுங்கிறதை முதல்ல வாசிக்கணும், அடைப்பு, கல்லெறிங்கிறது அதுக்கப்புறம். தமிழ்ல என்ன சொல்றோமோ அதை வார்த்தை குறையாம கன்னடத்துலயும் சொல்லணும், எதிர் வீட்டு கன்னடக்காரர் நாம என்ன பேசுறோம்னு சந்தேகப்படுற நிலைமையே வரக்கூடாது. ராஜ்குமார் 108 நாள் கழிச்சு நவம்பர் 15ல விடுதலை ஆகிற வரைக்கும் இதே முறைதான். எங்க எதிர் வீட்டு கன்னடத்து அம்மா தினமும் எங்க செய்தியைப் பார்த்துட்டு வந்து இன்னைக்கு எந்தக் கடை திறந்திருக்குன்னு எங்க அம்மாகிட்ட சொல்லுவாங்க.

காவேரி பிரச்சனை சூடாகும்போதெல்லாம் கர்நாடகாவுல தமிழ் சேனல்களை கேபிள்ல நிறுத்திடுவாங்க, 2016 செப்டம்பர்லயும் அப்படித்தான் நடந்துச்சு. செப்டம்பர் 12ல பஸ்ஸுங்க எரிஞ்சப்போ எங்க லோக்கல் சேனல் இல்ல, அது எப்பவோ மூடியாச்சு. அந்த ராத்திரி வாட்ஸ்ஆப்ல வந்த வீடியோக்கள்ல எது இன்னைக்கு எடுத்தது, எது பழசு, எது எந்த ஏரியான்னு தெரியாம எங்க வீட்டுல எல்லாரும் பயந்து கிடந்தோம். அன்னைக்கு நான் எங்க அபார்ட்மெண்ட் குரூப்ல பழைய வழிமுறையை அப்படியே போட்டேன், நேரம் இல்லாம எதையும் போடாதீங்க, எடுத்தது யாருன்னு தெரியாம ஃபார்வர்ட் பண்ணாதீங்க, ரோடு திறந்திருந்தா அதையும் சொல்லுங்கன்னு. ஒரு மணி நேரத்துக்குள்ள குரூப் அடங்கிடுச்சு. குரூப் அட்மினா இருக்குறவங்க இந்த மூணையும் முன்கூட்டியே எழுதி மேல பின் பண்ணி வைங்க, பிரச்சனை வந்த நேரத்துல எழுத உக்காந்தா யாரும் படிக்க மாட்டாங்க.

சேனல் ஏன் மூடுச்சுன்னு கேக்குறாங்க. நான் விலகினதுக்கு அப்புறமும் அது கொஞ்ச காலம் ஓடுச்சு. கேபிளை டிஜிட்டல் ஆக்கணும்னு சட்டம் வந்து, டெல்லி மும்பைக்கு 2012 அக்டோபர் கடைசி, பெங்களூர் உட்பட 38 ஊருக்கு 2013 மார்ச் 31னு கெடு வச்சாங்க. படம் தெளிவாச்சு, சேனல் நூத்துக்கணக்கில வந்துச்சு, அதெல்லாம் நல்லதுதான். ஆனா சிக்னல் முழுக்க பெரிய கம்பெனியோட ஹெட்எண்ட்ல, அதாவது அவங்க மெயின் கண்ட்ரோல் ரூம்ல, என்கிரிப்ட் ஆகி பூட்டுப் போட்ட மாதிரி வர ஆரம்பிச்ச பிறகு தெரு கேபிள்காரரோட கண்ட்ரோல் ரூமுக்கு வேலையே இல்லாம போச்சு. விசிஆரை சொருகி சேனல் விடுற வழி அடைஞ்சிடுச்சு, உங்க சேனல் வேணும்னா பெரிய கம்பெனிகிட்ட இடம் வாங்கணும், அதுக்கு ஒரு தெரு விளம்பரத்துல வர்ற காசு எந்த மூலைக்கு? 2022 நவம்பர்ல அந்த மாதிரி சேனல்களுக்குன்னு மத்திய அரசு வழிகாட்டுதல் போட்டப்போ, லோக்கல் நியூஸ் போடுறவங்க கம்பெனியா பதிவு பண்ணியிருக்கணும்னு வந்துச்சு. அதுல இன்னொரு விதி, ஒளிபரப்புனதை 90 நாள் பதிவு பண்ணி வைக்கணும். புகார் வந்தா பார்க்கிறதுக்காக வச்ச கணக்கு அது. 90 நாளுக்கு அப்புறம் அதை யாராவது வச்சிருக்கணும்னு எங்கயும் கிடையாது.

எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான். பிபிசி மாதிரி பெரிய நிறுவனமே 60கள் 70கள்ல டேப்பை அழிச்சு மறுபடி பதிவு பண்ணி எத்தனையோ நிகழ்ச்சிகளை இழந்திருக்கு, அப்போ ஒரு கேபிள்காரர் கேசட் விலைக்கு பயந்து போன வாரத்து நியூஸ் மேல இந்த வார நியூஸைப் பதிவு பண்ணதுல ஆச்சரியம் இல்ல. ஆனா தப்பிச்சது எதுன்னு பார்த்தா அதோட மதிப்பு புரியும். அல்சூர் ஏரிக்கரை திருவள்ளுவர் சிலையை எடுத்துக்கோங்க. 1991ல திறந்திருக்க வேண்டியது, எதிர்ப்பு வந்து நின்னு போச்சு, 18 வருஷம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்ட் 9ல கருணாநிதியும் எடியூரப்பாவும் சேர்ந்து திறந்தாங்க, நாலு நாள் கழிச்சு சென்னை அயனாவரத்துல கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறந்தாங்க. திறப்பு விழாவை எல்லா சேனலும் எடுத்திருக்கு, அது எங்க தேடினாலும் கிடைக்கும். அதுக்கு முன்னாடி அந்த சிலை மூடிக் கிடந்த வருஷங்கள்ல, பக்கத்துல பசங்க விளையாடுறதும், வாக்கிங் போற பெரியவர் ஒருத்தர் நின்னு கும்பிட்டுட்டுப் போறதும் எங்க கேமராவுல எடுத்த ஒரு கேசட்டுல இருக்கு, திருவிழா செய்திக்கு நடுவுல ஒரு நிமிஷம் கூட வராது. அதை வேற யாரும் எடுத்திருக்க வாய்ப்பே இல்லன்னு நான் நம்புறேன், ஏன்னா அது யாருக்கும் செய்தியா படல.

அந்த கேசட்டுங்க ஓனர் அண்ணன் வீட்டுப் பரண்ல இருந்துச்சு, அவர் போன பிறகு அண்ணி கூப்பிட்டு எடுத்துட்டுப் போம்மான்னு குடுத்தாங்க. இப்படி கல்யாண வீடியோகிராஃபர் வீடு, சங்கம், கோயில் கமிட்டி ஆபீஸ், சர்ச் லைப்ரரின்னு ஊர் முழுக்க கேசட்டுங்க கிடக்கு. உங்க கைக்குக் கிடைச்சா என்ன பண்ணணும்னு நான் செய்யுற முறையை சொல்றேன்.

கேசட்டை எடுத்ததும் பிளேயர்ல போடாதீங்க. மேல இருக்குற கண்ணாடி வழியா வெளிச்சத்துல பாருங்க, டேப் சுருள் மேல வெள்ளையா பொடி மாதிரி, சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை. பெங்களூர் மழைக்கு சிமெண்ட் ஷீட் வீட்டுப் பரண்ல இருந்த கேசட்டுக்கு இது சகஜம். அதைப் போட்டா பிளேயர் ஹெட்டுல ஒட்டி அடுத்து போடுற நல்ல கேசட்டுக்கும் பரவும், அதனால தனிப் பையில போட்டு மத்ததோட சேராம வைங்க, சுத்தம் பண்ணத் தெரிஞ்ச ஆள்கிட்ட குடுங்க. நல்லா இருக்குற கேசட்டோட முதுகுப் பக்கம் இடது ஓரத்துல ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், அதை உடைச்சு விட்டுடுங்க, தெரியாம ரெக்கார்ட் அமுக்கினாலும் அழியாது. அப்புறம் ஒரு தடவை கடைசி வரைக்கும் ஓட விட்டு திருப்பி சுத்திட்டு பிளே பண்ணுங்க, வருஷக்கணக்கா ஒட்டிக்கிட்டிருந்த டேப் இளகும்.

விசிஆர் இப்போ புதுசா கிடையாது, கடைசியா தயாரிச்ச ஜப்பான் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில நிறுத்திடுச்சு. எஸ்பி ரோட்டுல பழைய எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல தேடினா கிடைக்கும், வாங்குறதுக்கு முன்னாடி உங்ககிட்ட இருக்குறதுல முக்கியமில்லாத ஒரு சினிமா கேசட்டைக் கொண்டு போய் ஓட்டிப் பார்த்து வாங்குங்க. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரை யுஎஸ்பி கேப்சர்ங்கிற சின்ன கருவியில சொருகி கம்ப்யூட்டர்ல பதிவு பண்றோம், கேசட் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் ஆகும், வேகமா பண்ண வழியில்ல. கேப்சர் ரொம்ப மலிவா இருந்தா படமும் சத்தமும் கொஞ்சம் கொஞ்சமா விலகும், அதனால முதல் கேசட்டை முடிச்சதும் கடைசி பத்து நிமிஷத்தைப் பார்த்து உதட்டசைவு சரியா இருக்கான்னு செக் பண்ணிட்டு அடுத்ததுக்குப் போங்க. மினிடிவி (MiniDV), அதாவது சின்ன கேம்கார்டர் கேசட்டா இருந்தா அதுல இருக்குறதே டிஜிட்டல், ஃபயர்வயர் போர்ட் இருக்குற பழைய கம்ப்யூட்டர் ஒண்ணைப் பிடிச்சு அப்படியே இறக்குனா தரம் கொஞ்சமும் குறையாது, ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிபி ஆகும். அந்த போர்ட் புது கம்ப்யூட்டர்ல வர்றதே இல்ல, அதனால மினிடிவியை முதல்ல முடிங்க. பதிவு பண்ணதை ரெண்டு ஹார்டு டிஸ்க்ல, ரெண்டும் வேற வேற வீட்டுல.

இதுக்கெல்லாம் மேல ஒரு வேலை இருக்கு, அதுக்கு மெஷின் எதுவும் வேணாம். வீடியோவை லேப்டாப்ல போட்டு ஏரியா பெரியவங்களை உக்கார வச்சு யாரு, எந்த இடம், எந்த வருஷம்னு கேட்டு எழுதிக்கணும். எங்க தண்ணி லாரி செய்தி ஒண்ணுல குடத்தோட நிக்கிற வரிசையில பன்னிரண்டு பதிமூணு பேரு இருக்காங்க, ஜோகுபாளையத்துல ஒரு ஆயா அதுல பாதிப் பேருக்கு மேல பேரு சொன்னாங்க, யார் பொண்ணு எங்க கட்டிக் குடுத்தாங்கங்கிறது வரைக்கும். அந்த ஆயா இல்லன்னா அது வெறும் தண்ணி லாரி வீடியோ. டேப் இன்னும் சில வருஷம் தாங்கினாலும் தாங்கும், ஆயாவுக்கு எண்பதைத் தாண்டிடுச்சு, அதனால கேப்சர் பண்ணி முடிக்கிற வரைக்கும் காத்திருக்காம டிவியில ஓட விட்டே முதல்ல இதைச் செய்யுங்க, அவங்க பேசுறதை போன்ல பதிவு பண்ணிக்கோங்க.

நெட்ல போடுறதுக்கு முன்னாடி அதுல இருக்குற குடும்பங்கள்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, முக்கியமா இழவு வீடு, போலீஸ் கேஸ், அடிதடி இருக்குற பகுதிக்கு. கடையில குடுத்து மாத்துறதா இருந்தா ஒவ்வொரு கேசட்டுக்கும் நம்பர் ஒட்டி, லேபிளை போட்டோ எடுத்து வச்சுட்டு குடுங்க, பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கோங்க, வேலை முடிஞ்சதும் ஒரிஜினல் கேசட்டைத் திரும்பக் கேட்டு வாங்கிடுங்க, மாத்தியாச்சே இது எதுக்குன்னு கேப்பாங்க, இன்னும் நல்ல மெஷின் கிடைச்சா மறுபடி எடுக்க அது வேணும்.